சனி ஞாயிறு மாத்திரை

ஜூன் 8, ஞாயிறு

இதில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். எனக்கு வெட்கமாக இருப்பதையும் விடமாட்டேன்.

என் பெயர் பியாட்ரிஸ். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறோம். அம்மா லூர்து கொழுந்து பறிக்கிறார். அப்பா சூசைமாணிக்கம் எஸ்டேட் பிள்ளைகளை வேனில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். நானும் அதே வேனில்தான் போகிறேன். பிள்ளைகளில் நானே பெரியவள் என்பதால் முன் இருக்கை எனக்கு, அப்பாவுக்குப் பக்கத்தில்.

போன வாரம் அப்பா கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துப் படியேறும்போது பாதியில் இறக்கிவைத்துவிட்டு நின்றார். நெஞ்சின் மேல் யாரோ காலை வைத்து அழுத்துவது போல் இருந்ததாம். "வாயு" என்று சொல்லிச் சோடா வாங்கிக் குடித்தார். மறுநாளும் வந்தது. வெள்ளிக்கிழமை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வரும் டாக்டரம்மாவிடம் அம்மா பிடிவாதமாகக் கூட்டிப்போனார். நானும் போனேன். ரத்தக் கொதிப்பு அதிகம், நெஞ்சில் வருவது வாயு இல்லை, இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் வலி, ஆஞ்சைனா என்றார் டாக்டரம்மா. தினமும் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு மாத்திரை. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு குட்டி மாத்திரை.

நான் பயப்படவில்லை. இதையும் உண்மையாகத்தான் எழுதுகிறேன்.

ஜூன் 9, திங்கள்

அந்த மாத்திரையின் இனத்துக்குக் கால்சியம் சேனல் பிளாக்கர் என்று பெயர். டாக்டரம்மாவிடம் கேட்டபோது மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். ரத்தக் குழாயின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசைக்குள் கால்சியம் நுழையும்போது அது இறுகும், குழாய் குறுகும். மாத்திரை கால்சியம் நுழையும் வாசல்களை அடைத்துவிடும். தசை இளகும், குழாய் விரியும், இதயத்துக்கு வேலை குறையும். எவ்வளவு அழகான ஏற்பாடு என்று நினைத்தேன். ராத்திரி அதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன்.

அம்மா யோசித்தார். "பால்ல கால்சியம் இருக்குதுன்னு நீதான சொன்ன? கேப்பையிலயும் இருக்குதுன்னயே? ஒரு பக்கம் அடைச்சுக்கிட்டு இன்னொரு பக்கம் ஊத்தினா எப்படி?"

இன்றிலிருந்து அப்பாவுக்குக் கடுங்காப்பி. "ஒம் படிப்பால எனக்குப் பால் போச்சு பாப்பா" என்றார் அப்பா.

ஜூன் 11, புதன்

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்து, பாலுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை என்று கேட்டுவந்து சொன்னேன். பால் திரும்ப வந்தது. மழை நிற்கவில்லை. ஷூவுக்குள் ஒரு அட்டைப்பூச்சி.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா சர்ச்சில் காலைப் பூசைக்கு வந்துவிட்டு மத்தியானத்திலிருந்து கட்டிலிலேயே கிடந்தார். முகம் சிவந்திருந்தது. தலை கனக்கிறது என்றார். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது. மெதுவாகத்தான் நிரம்பியது.

"வாரமெல்லாம் வண்டியில உக்காந்த ஒடம்பு. தூங்கட்டும், நீ போயி நோண்டாத" என்றார் அம்மா.

ஆனால் புதன், வியாழன் எல்லாம் வீக்கம் இல்லையே. நான் பார்த்தேன். கிளட்சை மிதிக்கும்போது அப்பாவின் கால் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் 18, புதன்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று முதலில் நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா உறையிலிருந்து மாத்திரையை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். அப்பா தண்ணீர் குடிக்கப் பின்வாசல் குழாய்க்கு வந்தார். நான் அங்கே தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். இருட்டில் என்னைக் கவனிக்கவில்லை. மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் தண்ணீரைக் குடித்து, தலையை அண்ணாந்து விழுங்குவது போல் செய்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அப்பா, மாத்திர?"

"மெல்லப் பேசு."

"போடலயா?"

"இன்னிக்குப் போடல. சனிக்கெழம போடுவேன்."

"தினம் போடச் சொன்னாங்களே."

"மொத மூணு நாளு போட்டேன். திங்கக்கெழம அந்த யானைப்பாற வளைவுல வண்டியத் திருப்பறேன், ரோடு தனியா ஆடுது. பின்னாடி அத்தன புள்ளைங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். வண்டி எடுக்கற நாளுக்கு மாத்திர கெடயாது. சனி ராத்திரி ரெண்டு, ஞாயிறு காலைல ரெண்டு. ஒடம்புக்குச் சேர வேண்டியது சேந்துரும்."

"அப்படிப் போடலாமா?"

"ஸ்டாண்டுல குட்டப்பனும் அப்படித்தான் போடறான். அவன் இந்த மலையில எத்தன வருஷமா ஓட்டுறான். ஒண்ணும் ஆகலியே?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட சொல்லாத. அவ வாய்ல நிக்காது. டிரைவருக்குத் தல சுத்துதுன்னு ஒரு தடவ பேச்சு கெளம்பிருச்சுன்னா எவன் புள்ளய ஏத்துவான்?"

நான் தலையாட்டினேன். அம்மா என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது என்று நினைக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

அறிவியலில் உராய்வு பற்றி ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். பிரேக் எப்படி வேலை செய்கிறது, கை பிரேக்கை எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும், இறக்கத்தில் அது மட்டும் போதுமா, வண்டி மலைப்பக்கம் சாய்ந்தால் நல்லதா பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் நல்லதா என்றெல்லாம் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அப்பா சிரித்தார். "பள்ளத்துப் பக்கம் சாஞ்சா செயல்திட்டத்த மேல போயித்தான் எழுதணும்" என்றார்.

அப்படி ஒரு செயல்திட்டம் கிடையாது. அது ஒரு பொய்தான். எழுதிவிட்டேன்.

வேனில் படிப்பதற்கு நூலகப் புத்தகம் எடுத்துப்போகிறேன். இந்த வாரம் முழுதும் ஒரே பக்கத்தில் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

சாயங்காலம் திரும்பும்போது யானைப்பாறை வளைவுக்குக் கொஞ்சம் கீழே வண்டிகள் நின்றன. மேலே யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று பைக்கில் வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பனி இறங்கி முன்னால் நின்ற ஜீப்பின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அப்பா ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பிடித்திருந்தார். பின்னால் பிள்ளைகள் யானைப் பாட்டுப் பாடினார்கள். எல்.கே.ஜி. படிக்கும் யாழினி, "டிரைவர் மாமா, யானை நம்ம வண்டியில ஏறுமா?" என்று கேட்டாள்.

அப்பா பதில் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்லுவார்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். குளிரில் எங்கள் எல்லாருக்கும் வாயிலிருந்து புகை வருகிறது, அப்பாவின் நெற்றியில் வியர்வை வழிகிறது. இடது கை மடியில் கிடந்தது. தாடையை இறுக்கிக்கொண்டிருந்தார். மெதுவாக வண்டியை ஓரம் கட்டி, கை பிரேக் போட்டு, சாவியைத் திருப்பி அணைத்தார். மேல் பையில் விரல் விட்டுக் குட்டி மாத்திரையை எடுத்தார். அது நழுவி இருக்கையில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"மாமா தூங்குறாங்களா?" என்றாள் யாழினி.

"இல்ல, யானை போறதுக்காக ஜெபம் பண்றாங்க. நீயும் பண்ணு" என்றேன். எல்லாரும் கையைக் கூப்பிக்கொண்டார்கள். நான் கூப்பவில்லை. அப்பாவின் சட்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீப் கிளம்பிப் போனது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அப்பா கண்ணைத் திறந்தார். "போயிருச்சு" என்றார். யானையைச் சொன்னாரா, வலியைச் சொன்னாரா தெரியவில்லை. மறுபடி வண்டியை எடுத்தார். வீடு வரும்வரை கை பிரேக்கின் பக்கத்திலேயே என் கை இருந்தது. பயத்தால் இல்லை. இருக்கையில் வேறு இடம் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

அம்மாவுக்கு இன்று கொழுந்துக்குப் பதில் ஃபேக்டரியில் வேலை. டாக்டரம்மாவிடம் அப்பாவும் நானும் மட்டும் போனோம்.

டாக்டரம்மா அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். முகம் மாறியது. இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார். "குறையவே இல்லியே. வலி வருதா?"

"ஒரு வாட்டி வந்துச்சுங்க" என்றார் அப்பா.

"மாத்திரை தினமும் போடறீங்கதானே?"

"போடறேனுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். படம் போட்டுக் காட்டிய அன்றிலிருந்து என்னிடம் பிரியமாகத்தான் பேசுவார். "நீ சொல்லு பியாட்ரிஸ். அப்பா ஒழுங்கா மாத்திரை போடறாரா?"

அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இதயத்தின் படம் மாட்டியிருந்தது. இடது பக்க அறை, வலது பக்க அறை, எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியிருந்தது.

"போடறாங்க டாக்டர்" என்றேன்.

போடுகிறார்தானே. சனி ஞாயிறில் போடுகிறார்.

"அப்ப இந்த அளவு போதல" என்று டாக்டரம்மா அதே மாத்திரையை இரண்டு மடங்கு அளவில் எழுதிக் கொடுத்தார். கால் வீங்கினாலோ தலை சுற்றினாலோ தானாக நிறுத்தாமல் உடனே வந்து சொல்ல வேண்டும், மருந்தை மாற்றித் தர வழி இருக்கிறது என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார்.

வரும் வழியில் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பையில் அப்படியே இருக்கிறது.

ஜூன் 28, சனி

அப்பா புது மாத்திரையில் இரண்டு போட்டுக்கொண்டார். "அப்பா, இது பெரிய அளவு. ஒண்ணு போதும்" என்றேன். "ரெண்டுதான் கணக்கு" என்றார். அம்மா என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றோம், இரண்டு பேரும் ஒரே சமயத்தில்.

ஜூன் 30, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. முறையாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை அப்பா இன்னும் இரண்டு போட்டார். நான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "பூசைக்கு வர வேண்டாம், படுங்க" என்றார் அம்மா. "படுத்தா லைன் பூரா வந்து என்னன்னு கேக்கும்" என்று வந்துவிட்டார்.

பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது எல்லாரும் முழந்தாளிட்டோம். மணி அடித்து முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் அப்பாவும் எழுந்தார். நிமிர்ந்து நின்றார். அப்படியே முன்னால் பெஞ்சின் மேல் சரிந்தார். பெஞ்சு நகர்ந்த சத்தம் கேட்டுத்தான் மற்றவர்கள் திரும்பினார்கள். நான் முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே தூக்கி வந்து திண்ணையில் படுக்கவைத்தார்கள். உதடு வெளுத்திருந்தது. நர்ஸ் ஸ்டெல்லா அக்கா பூசைக்கு வந்திருந்தார். நாடி பார்த்துக்கொண்டே, "நெஞ்சு வலின்னு சொன்னாரா?" என்று கேட்டார். யாரோ, "அந்த நாக்கு மாத்திரய வைங்க, சீக்கிரம்" என்றார்கள். அம்மா அப்பாவின் பையில் தேடி எடுத்துவிட்டார். அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

அதுவும் ரத்தக் குழாயை விரிக்கிற மாத்திரைதான். நான் நூலகத்தில் படித்திருக்கிறேன்.

"வைக்காதீங்கம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்தேன். "வலியில்ல. மாத்திர அதிகமாயிடுச்சு. நேத்து ராத்திரி ரெண்டு, காலையில ரெண்டு. பெரிய மாத்திர. தினமும் போடறதில்ல. வாரத்துக்கும் சேத்து சனி ஞாயிறுல போடறாங்க."

அம்மா என்னையே பார்த்தார். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"முன்னாடியே."

அம்மா மாத்திரையைக் கைக்குள் மூடிக்கொண்டார். ஸ்டெல்லா அக்கா அப்பாவின் கால்களைத் தூக்கி ஒரு மரப்பெட்டியின் மேல் வைக்கச் சொன்னார். அப்பாவின் கண் கொஞ்சம் திறந்திருந்தது. நான் சொன்னது எல்லாம் கேட்டிருக்கும்.

எஸ்டேட் ஜீப்பில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நேற்று முழுதும் ரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததாம். இன்று காலையில் கொஞ்சம் பரவாயில்லை. என்னை உள்ளே விடவில்லை. ஒரு சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நான் பயந்திருக்கிறேன். முதல் நாளிலிருந்தே பயந்துகொண்டுதான் இருந்தேன். மேலே வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 2, புதன்

அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொன்னார். வேனுக்கு மாற்று டிரைவர் போட்டிருக்கிறார்கள். குட்டப்பன் மாமா.

அவர் ஏறி உட்கார்ந்ததும் நான் கை பிரேக்கைப் பார்த்தேன். யாழினி பின்னால் அவர் தொப்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாவி போடுவதற்கு முன்னால் கேட்டுவிட்டேன்.

"மாமா, நேத்து மாத்திர போட்டீங்களா?"

"எந்த மாத்திர?"

"பி.பி. மாத்திர."

"அடேயப்பா, டாக்டர் வந்துட்டாங்க" என்று சிரித்தார். "எனக்கு எதுக்கு நேத்து? எனக்கெல்லாம் ஞாயித்துக்கெழம..." சொல்லி முடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "ஒங்கப்பனுக்கு அதனாலயா?"

தலையாட்டினேன்.

"நெஜமாவா?"

"பூசையில விழுந்தாங்க மாமா. எந்திரிச்சு நின்ன ஒடனே."

ஸ்டீயரிங்கில் கையை வைத்தார். "நாந்தான் சொன்னேன் அவன்கிட்ட" என்றார், என்னிடம் இல்லை, கண்ணாடியிடம். வழியெல்லாம் மிக மெதுவாக ஓட்டினார். பள்ளிக்கூடத்துக்கு நேரம் ஆகிவிட்டது. யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் இறக்கிவிடும்போது, டாக்டரம்மா வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரித்தார்.

ஜூலை 5, சனி

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று டாக்டரம்மாவும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாராம். மாத்திரையைச் சின்ன அளவுக்குக் குறைத்து, கூடவே வேறு ஒன்று சேர்த்திருக்கிறார்கள். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ஒரு நாள் விட்டால் விட்டதுதான், மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. தலை சுற்றினால் உட்கார வேண்டும், சொல்ல வேண்டும். அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

அப்பா அம்மாவிடம் பேசுகிறார். பார்க்க வருகிறவர்களிடம் பேசுகிறார். என்னிடம் பேசவில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், சுவரைப் பார்த்துக் குடித்தார்.

டாக்டரம்மாவிடம் நான் சொன்ன பொய்யை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "வெள்ளிக்கெழம நீயே போயி அவங்ககிட்ட சொல்லு" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, "நான் உன்னைக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். எனக்கு அதுதான் அழுகையைக் கொண்டுவந்தது. அப்பா வண்டி எடுக்கலாமா என்பதை அடுத்த வெள்ளி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வரிசையில் கடைசியில் குட்டப்பன் மாமா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தார்.

ஜூலை 12, சனி

சாயங்காலம் யாழினியின் அம்மா செண்பகம் அக்கா அப்பாவைப் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். வேலையிலிருந்து நேராக வந்ததால், கொழுந்து பறிக்கும்போது கட்டும் இடுப்புச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"ஒடம்பு எப்படிண்ணா?"

"நல்லாயிருச்சு. திங்கக்கெழம வண்டி எடுத்துருவேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "டாக்டர் சொல்லணும்ல" என்றார்.

"அடுத்த வெள்ளி வரைக்கும் வீட்ல என்னத்த மெழுகிக்கிட்டு இருக்கச் சொல்ற? எனக்குத் தெரியாதா என் ஒடம்பு?" அப்பா செண்பகம் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "நீ யாழினிய எப்பயும் போல கொண்டாந்து விடு."

செண்பகம் அக்கா சேலை முனையைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம் பாப்பா, நீதான முன்னாடி உக்காருவ. நீ சொல்லு. நான் எம்புள்ளய ஏத்தி விடலாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தேன். அந்தக் கைதான் அன்று வியர்வை வழிய வழிய வண்டியை ஓரம் கட்டியது. அந்தக் கைக்கு வண்டி இல்லாமல் என்ன செய்வதென்று தெரியவில்லை, இந்த வாரம் முழுதும் பூட்டு, டார்ச் லைட், என் ஜியாமெட்ரி பாக்ஸ் என்று எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது. சரி என்று சொன்னால் அப்பா என்னிடம் பேசுவார்.

"இன்னும் வேண்டாங்க்கா" என்றேன். "இன்னிக்குக் காலையில எந்திரிக்கும்போது கதவப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. டாக்டர் பாத்துச் சொல்லட்டும்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டிருந்தது.

செண்பகம் அக்கா, "அதுவும் சரிதான். ஒரு வாரந்தானண்ணா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். காபி கூடக் குடிக்கவில்லை. அவர் போனபின் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அப்பாவின் வேலையைக் கெடுத்துவிட்டேனா என்று தெரியவில்லை. வேறு எதையாவது காப்பாற்றினேனா என்றும் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா மாத்திரையை எடுக்கப் போனார்.

"நீ இரு" என்றார் அப்பா. "பியா, நீ எடுத்துட்டு வா."

இரண்டு வாரத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. எடுத்துப்போய் உள்ளங்கையில் வைத்தேன். பின்வாசலுக்குப் போகாமல் என் முன்னாலேயே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தொண்டை அசைந்தது. பிறகு செம்பைக் கீழே வைத்தார்.

"காலையில கதவப் புடிச்சத நீ பாத்தியா?"

"பாத்தேன்ப்பா."

"யாரும் பாக்கலன்னு நெனச்சேன்." செம்பை ஓரமாகத் தள்ளிவைத்தார். "அன்னிக்கு வளைவுல, எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு பாப்பா."

 போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டேன். வீக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை.

இப்போது அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா மூச்சு விடுவது இங்கே கேட்கிறது. இடையில் கொஞ்சம் நின்றால் நானும் நிறுத்திக் காத்திருக்கிறேன். மறுபடி கேட்டதும் எழுதுகிறேன். அம்மா வந்து, போதும் படு என்று விளக்கை அணைக்கப் போகிறார்.